ஒஹாயோவில் அப்படி என்னதான் இருக்கிறது?

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. ‘அம்மாவுக்கு என் மேல் இன்னும் வருத்தமா?’ என்று கடைசியில் ஒரு வரி எழுதி, பிறகு அதை அடித்துவிட்டு, ‘உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று முடித்திருக்கிறாய். அடித்ததற்கு அடியில் இருப்பதைப் படிக்கத் தெரியாதவளா நான்? உடம்பு நன்றாகவே இருக்கிறது. அப்பாவுக்கும் சர்க்கரை கட்டுக்குள்தான் இருக்கிறது. எனவே அதை விட்டுவிட்டு, நீ அடித்த வரிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பனி கொட்டி வெளியே போக முடியாமல் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிற ஒரு நாளில் படி.

நீ போனதிலிருந்து இங்கே ஃபஹாஹீலில் யாரைப் பார்த்தாலும் என்னிடம் ஒரே கேள்விதான். வெள்ளிக்கிழமை மதியம் நம் வீட்டில் கூடுகிற பெண்கள், “முதல்ல செல்வராஜ் போனாரு, அப்பறம் அந்த டிராஃப்ட்ஸ்மேன் குடும்பம் போச்சு, இப்ப உங்க பொண்ணும் போயிட்டா. ஒஹாயோவுல அப்படி என்னதாங்க இருக்கு?” என்கிறார்கள். பஜாரில் மளிகைக்கடை வைத்திருக்கும் தாவூத் அண்ணன், “ஏம்மா தங்கச்சி, அமெரிக்கான்னா நியூயார்க்குன்னு கேள்விப்பட்டிருக்கோம். இது என்ன ஊரு? பேரே கொட்டாவி விட்ட மாதிரி இருக்கு” என்றார். நான் ஒருத்தரிடம் மாப்பிள்ளைக்கு நல்ல வேலை என்றேன். இன்னொருத்தரிடம் நீ மேலே படிக்கப் போகிறாய் என்றேன். மூன்றாவது ஆள் கேட்டபோது குக்கர் விசில் அடித்தது. எழுந்து போய்விட்டேன். உண்மையான காரணம் எனக்குத் தெரியும், கலா. எனக்குத் தெரியும் என்பதுதான் உனக்குத் தெரியாது.

நாங்கள் இந்தக் குவைத்துக்குக் கிளம்பியபோதும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். எழுபதாம் வருஷம். உன் பெரியப்பா கூடத்தில் நின்றுகொண்டு, “கோயமுத்தூர்ல இல்லாதது அந்த மணல்காட்டுல என்னடா இருக்குது?” என்று அப்பாவைக் கேட்டார். “அங்க கரண்ட் போகாதுங்களாமாண்ணா” என்றார் அப்பா. பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் அப்பா அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மில்லில் எலெக்ட்ரிகல் இன்ஜினியராக இருந்தவருக்கு, மின்வெட்டு வந்து மெஷின்கள் நிற்பதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பதே பாதி வேலையாகப் போயிருந்தது. கடலோரத்து எண்ணெய் ஆலையில் வீடு உயரத்துக்கு ஜெனரேட்டர்கள் இருக்கின்றன, அவை வருஷம் முழுக்க நிற்பதே இல்லை என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தார். அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. சொந்தக்காரர்களிடம் சொன்னது சம்பளம்.

எனக்கும் ஒரு காரணம் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து உன் அத்தைகள், பெரியம்மா, வந்து போகிறவர்கள் என்று ஒரே அடுப்படியில் முழங்கை இடித்துக்கொண்டு நின்றவள் நான். எனக்கென்று ஓர் அடுப்பு வேண்டும், சாத்தினால் சாத்தியபடியே இருக்கிற ஒரு கதவு வேண்டும் என்று ஏங்கிக் கிடந்தேன். இதை அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. கேட்டவர்களிடமெல்லாம், “பொண்ணு படிப்புக்காகத்தானுங்க போறோம்” என்றேன். உனக்கு அப்போது பதினோரு வயது. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். நீ அதை நம்பினாய் என்று நினைக்கிறேன்.

பம்பாயில் கப்பல் ஏறினோம். எனக்கு வழியெல்லாம் வாந்தி. நீதான் டெக்கில் ஓடித் திரிந்தாய். துபாய்க்கு வெளியே நடுக்கடலில் கப்பல் நின்றது. பாயும் டிரங்குப் பெட்டியுமாக ஆண்கள் கயிற்று ஏணியைப் பிடித்துப் படகுக்குள் இறங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் நீ கையாட்டினாய். சிலர் ஏணியில் தொங்கியபடியே உனக்குத் திரும்பக் கையாட்டினார்கள். நீ தமிழ் பேசுவதைக் கேட்டு ஓடி வந்தாரே பெரம்பலூர் பொன்னுசாமி, அவரையும் நீதான் கூட்டிவந்தாய். குழாய் பதிக்கிற வேலைக்கு வந்தவர். மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். “கொழந்த மொகத்தப் பாத்துட்டுப் போறேன்னு சொன்னேம்மா. ஏஜெண்டு ஒத்துக்கல” என்றார். நான் ஊறுகாய் எடுத்துக் கொடுத்தேன்.

ஃபஹாஹீலில் எனக்கு அடுப்பு கிடைத்தது, கதவும் கிடைத்தது. அந்த ஒரு வருஷம் நாம் மூவரும் எப்படி இருந்தோம்! சாயங்காலம் கடற்கரைக்குப் போவோம். ஆலையின் நெருப்பு வானத்தைச் சிவப்பாக்கியிருக்கும். அப்பா உனக்கு அது என்ன, ஏன் எரிகிறது என்று சொல்லிக்கொண்டே வருவார். பிறகு நீ ஏழாவது முடித்தாய். நம் பக்கத்தில் அப்போதிருந்த பள்ளியில் ஏழாவதோடு சரி. நகரத்துப் பள்ளியில் கேட்டோம், இடமில்லை என்றார்கள். அடுத்த வருஷம் வரட்டும் என்று காத்திருந்தால் உனக்கு ஒரு வருஷம் போய்விடும். கோயமுத்தூரில் நல்ல கான்வென்ட், நல்ல ஹாஸ்டல். உன் பெரியப்பா வீடு பக்கத்திலேயே இருந்தது. “அப்பறம் பார்த்துக்கலாம், இங்க இடம் கெடச்சா கூட்டிக்கலாம்” என்று உன்னிடம் சொன்னேன். அதன் பிறகு உன் படிப்பு அங்கே சூடு பிடித்துவிட்டது. பள்ளிக்கூடம் காலேஜாயிற்று. காலேஜ் பட்டமாயிற்று.

இதைத் தவறு என்று நான் எழுதப் போவதில்லை. நீயும் அதை எதிர்பார்க்க மாட்டாய். அன்றைக்கு இருந்த வழி அதுதான். இன்று அதே இடத்தில் நிறுத்தி அதே கேள்வியைக் கேட்டாலும் உன்னைப் படிக்கத்தான் அனுப்புவேன். ஆனால் சரியான காரியத்துக்கும் வலி உண்டு. அந்த வலி எவ்வளவு என்று நான் அப்போது பார்க்கவில்லை. பார்க்கிற அளவுக்கு நீ அருகில் இல்லை.

ஒன்றை மட்டும் பார்த்தேன். பார்த்தும் எனக்குப் புரியவில்லை. முதல் கோடை விடுமுறைக்கு வந்திருந்தாய். என்னை ‘நீ’ என்று கூப்பிட்டுக்கொண்டு போனவள் ‘நீங்க’ என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தாய். ஹாஸ்டலில் மரியாதை சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நான் பெருமைப்பட்டேன். காலையில் எழுந்ததும் போர்வையை மூலைக்கு மூலை சேர்த்து மடித்து வைத்தாய். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பின்னாலேயே வந்து நின்று, “அம்மா, ஃபிரிட்ஜ்ல இருந்து ஒரு ஆரஞ்சு எடுத்துக்கட்டுங்களா?” என்று கேட்டாய். நான் சிரித்துவிட்டேன். சாயங்காலம் அப்பாவிடம் சொல்லியும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய் ஒரு தட்டு நிறைய ஆரஞ்சை எடுத்துவந்து உன் பக்கத்தில் வைத்துவிட்டு, ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார்.

பட்டம் வாங்கினாய். சிவகுமார் ஜாதகம் வந்தது. அப்பா வேலை செய்கிற ஆலையிலேயே வேலை, நம் ஈரோட்டுப் பக்கத்துப் பையன். அவருக்குக் கம்பெனி கொடுத்திருந்த வீடு நம் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி! உனக்கு அவரைப் பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்கு முன்பே நான் அந்த இரண்டு தெருவையும் மனசுக்குள் நடந்து பார்த்துவிட்டேன். கல்யாணமாகி நீ இங்கே வந்த பிறகு அந்தத் தெருக்களில் நான் எத்தனை முறை நடந்திருப்பேன். ரசம் வைத்தால் ஒரு தூக்குப்போசி உனக்கு. மாப்பிள்ளைக்கு நைட் டியூட்டி என்றால் நீ இங்கேயே படுத்துக்கொள்வாய். என் மகளுக்குப் பேச்சு அதிகம், தலைவாரும்போது பாட்டு முணுமுணுப்பாள், காபியை ஆற்றிக் குடிக்க மாட்டாள் என்பதெல்லாம் எனக்கு அந்த ஒன்றரை வருஷத்தில்தான் தெரிந்தது. போன பொருள் திரும்பக் கிடைத்தால் கையை மூடிக்கொள்ளத்தானே தோன்றும்? நான் மூடிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் கமலம் வந்தாள். செல்வராஜின் மனைவி. ஆலையில் அவருக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அரைப் பரீட்சைக்கு முன்னாலேயே பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொண்டு கிளம்ப வேண்டியதாயிற்று. அடுப்படிச் சாமானையெல்லாம் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டுப் போன குடும்பம். எப்படியோ ஒஹாயோவில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் அவருக்கு வேலை கிடைத்தது. ஊருக்குப் போகிற வழியில் கமலம் இங்கே இறங்கி நம் வீட்டில் தங்கினாள். பெண்கள் எல்லோரும் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டோம். “அங்க பார்க்கறதுக்கு என்ன இருக்குதுங்க?” என்று நான் கேட்டேன்.

“ஒண்ணுமே இல்லீங்க்கா. எங்க திரும்புனாலும் மக்காச்சோளக் காடு. நாலு மாசம் பனி. கொத்தமல்லித் தழை கண்ணுல பார்த்து ஒரு வருஷமாச்சுங்க.”

“அப்பறம் எதுக்குப் போனீங்க?”

“காலையில ஒரு மஞ்ச பஸ் வருதுங்க. வீட்டு வாசல்ல நிக்குது. ரெண்டையும் ஏத்திட்டுப் போகுது, சாயந்தரம் கொண்டாந்து விட்டுட்டுப் போகுது. பன்னெண்டாவது வரைக்கும் அதே பஸ்ஸுதானுங்களாமா. வேலை போனாலும் பஸ்ஸு வருமுங்க. எங்கூட்டுக்காரரு போன வாரந்தான் வாடகை வீட்டுக்குப் பின்னால முருங்கை நட்டாருங்க. குளுருல செத்துப்போயிரும்னு தெரியும். இருந்தாலும், யாரும் நம்மளக் கெளம்புன்னு சொல்ல மாட்டாங்கங்கற தைரியத்துல நட்டாருங்க.”

எல்லோரும் முருங்கைக்குச் சிரித்தோம். நீ மட்டும், “பன்னெண்டாவது வரைக்கும் வீட்ல இருந்தே போகலாமுங்களாக்கா?” என்று இன்னொரு முறை கேட்டாய். அதை நான் அன்று பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

விசா கைக்கு வந்த பிறகுதான் எங்களிடம் சொன்னீர்கள். அதே வாரத்தில்தான் நீ உண்டாகியிருக்கிறாய் என்றும் சொன்னாய். ஒரு கையில் சர்க்கரையைக் கொடுத்துவிட்டு மறு கையில் கிள்ளியது போல இருந்தது எனக்கு. என்னென்னவோ பேசினேன். அந்தக் குளிரில் பச்சை உடம்போடு என்ன செய்வாய் என்றேன். பிரசவத்துக்கு யார் இருக்கிறார்கள் என்றேன். கடைசியில் படிப்பைப் பிடித்துக்கொண்டேன். நீ கீரை ஆய்ந்துகொண்டிருந்தாய்.

“ஸ்கூலுந்தான் இங்கயே பெருசாயிட்டு வருதே கண்ணு. இப்ப எட்டாவது வரைக்கும் வந்துருச்சு” என்றேன்.

“அப்பறம்?”

“அப்பறம் பார்த்துக்கலாம். பொறக்காத கொழந்தைக்கு இப்பவே ஒம்பதாங்கிளாஸ் தேடறியா நீ?”

நீ கீரையைத் தண்டோடு சேர்த்துக் கிள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாய். பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டேன். தூக்குப்போசியைத் திருப்பிக் கொடுக்க வந்த மாப்பிள்ளையைத் தனியாக நிறுத்தி, “நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவ கேப்பாளுங்க” என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். “சொல்லாம இருப்பனுங்களா அத்தை? ‘நீங்க வேணா இங்கயே இருந்துக்கங்க, நான் போய்ப் பெத்துக்கறேன்’ங்கறாளுங்க” என்று சிரித்தார். நான் ஒரு வாரம் உன் வீட்டுப் பக்கம் வரவில்லை. உனக்கு ஞாபகம் இருக்கும்.

இனி எழுதப் போவது உனக்குத் தெரியாதது. ஜூன் மாதம் சந்திராவின் மகள் சுகுணாவை வழியனுப்ப விமான நிலையத்துக்குப் போனோமே, அந்தக் காலை. எட்டாவது முடித்துவிட்டு மதுரை ஹாஸ்டலுக்குப் போகிற பிள்ளை. புது ஷூ கடிக்கிறது என்று காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றாள். சந்திரா அழுத அழுகையைப் பார்த்து நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “நாலு வருஷம் கண்ணை மூடித் தெறக்கறதுக்குள்ள ஓடிரும் சந்திரா. எங்க கலாவப் பாரு, எவ்வளவு நல்லா வந்துருக்கா” என்றேன். பக்கத்திலேயே நீ நின்றாய். கடையில் துணியை விரித்துக் காட்டுவது போல உன்னைக் காட்டினேன். நீ அங்கிருந்து நகர்ந்து, தூண் ஓரத்தில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த சுகுணாவிடம் போனாய்.

வழியில் தின்ன அவளுக்கு முறுக்குப் பொட்டலம் கொண்டுவந்திருந்தேன். அதைக் கொடுக்கத் தூணின் மறுபக்கம் வந்தேன். நீ அவள் முன்னால் மண்டியிட்டு, ஷூ கயிற்றைத் தளர்த்தி விட்டுக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாய்.

“போனதும் சன்னலோரக் கட்டில் கேக்காத சுகுணா. செவுத்தோரம் கேளு. செவுத்தப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கலாம், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. ஞாயித்துக்கெழம சாயந்தரந்தான் கஷ்டமா இருக்கும். பக்கத்து ஊருப் பிள்ளைங்களுக்கெல்லாம் அம்மா அப்பா வருவாங்க. அந்நேரம் நீ துணி தொவைக்கப் போயிரு. தொட்டிகிட்ட யாரும் இருக்க மாட்டாங்க. மொகம் நனைஞ்சிருந்தாலும் தண்ணின்னு நெனைச்சுக்குவாங்க.”

அந்தப் பிள்ளை கேட்டது. “எவ்வளவு நாளைக்கு அப்படி இருக்கும்க்கா?”

நீ கயிற்றை முடிந்துகொண்டிருந்த கையை நிறுத்தினாய். ஏதாவது ஆறுதல் சொல்லப் போகிறாய் என்று நினைத்தேன். “எனக்குத் தெரியல சுகுணா” என்றாய். பிறகு, “அம்மாவுக்கு எழுதறப்ப நல்லா இருக்கேன்னுதான் எழுத வரும். அது பரவால்ல, அப்படியே எழுது. எனக்கு எழுதறப்ப நெசத்த எழுது. அமெரிக்கா போனாலும் அட்ரஸ் அனுப்பறேன்” என்றாய்.

முறுக்கைக் கொடுக்காமலே திரும்பி வந்துவிட்டேன். ஹாஸ்டலிலிருந்து நீ எழுதிய கடிதங்கள் எல்லாமே ‘நான் இங்கு மிகவும் நலம்’ என்று தொடங்கின. அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் அந்த வருஷங்களில் நான் நிம்மதியாகச் சமைத்தேன், சாப்பிட்டேன், வெள்ளிக்கிழமைகளில் ஊர்ப் பேச்சுப் பேசினேன். காரில் வரும்போது அப்பா, “ஏம்புள்ள, ஒரு மாதிரியா இருக்கற?” என்று கேட்டார். வெயில் என்றேன். நீ பின் சீட்டில் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய். உன்னோடு சண்டை போட எனக்கு அதன் பிறகு ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை நான் பஜாருக்குப் போனது கோட்டு வாங்கத்தான். தாவூத் அண்ணனின் கடைக்குப் பக்கத்திலேயே அவர் தம்பியின் ஜவுளிக்கடை. உள்ளே போய், “பொம்பளைங்க போடற மாதிரி கம்பளிக் கோட்டு காட்டுங்க, நல்லா தடிமனா” என்றேன். வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது. தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. “இந்த வெயில்லயா? எல்லாம் பரண் மேல கெடக்குதுக்கா, டிசம்பருக்குத்தான் எறக்குவோம்” என்றார். இப்போதே இறக்கச் சொன்னேன். ஏணி போட்டு, தூசி தட்டி, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்கள். வயிறு பெரிதாகும் என்று நானே ஒவ்வொன்றையும் சேலைக்கு மேல் போட்டு, முன்னால் கையை நீட்டி இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். வியர்வை ஆறாக ஊற்றியது. கடைக்கு வந்த ஓர் அரபிப் பெண்மணி என்னைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் கறுப்பு ‘அபாயா’ அங்கியின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் சிரித்துவிட்டேன். அந்தப் பழுப்புக் கோட்டை உன்னிடம் நீட்டியபோது, “என்னம்மா திடீர்னு?” என்று கேட்டாய். “சளி புடிச்சா யாரு பார்க்கறது?” என்றேன். இப்போது தெரிகிறதா, ஏன் திடீரென்று என்று?

நீங்கள் கிளம்பிய அன்று பெட்டிகளை இறக்கப் பொன்னுசாமி, ஆண்கள் மட்டும் தங்குகிற தொழிலாளர் கேம்ப்பிலிருந்து வந்திருந்தார். கப்பலில் வந்தபோது பிறக்காமலிருந்த அவருடைய பையனுக்கு இப்போது மீசை அரும்பப் போகிறது. லீவில் போகும்போது மட்டும்தான் அவர் அவனைப் பார்த்திருக்கிறார். பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டே என்னிடம் கேட்டார். “அமெரிக்காவுல நம்ம ஆளுங்களுக்குக் கேம்ப் உண்டாம்மா?” அங்கே கேம்ப் எல்லாம் இல்லை, போகிறவர்கள் குடும்பத்தோடுதான் இருப்பார்கள் என்றேன். அவர் முடிச்சை இறுக்கினார். “அப்பப் போகட்டும்மா. அழுவாம அனுப்பிவிடுங்க” என்றார். அதனால்தான் விமான நிலையத்தில் நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். அதைச் சொல்லிவிடுகிறேன், இனி நாமிருவரும் நிஜத்தை எழுதுவோம்.

ஆக, என் பதில் இதுதான். வருத்தம் இருக்கிறது. உன் மேல் இல்லை. நீ இரண்டு தெரு தள்ளி இருந்த நாட்கள் இவ்வளவு சீக்கிரம் முடிந்துபோனதே என்கிற வருத்தம் அது. அது இருந்துவிட்டுப் போகட்டும். எனக்குப் பழகிவிடும். உன் பிள்ளையை அருகில் வைத்து வளர்க்க வேண்டும் என்பதற்காக நீ என்னை விட்டுத் தூரமாகப் போயிருக்கிறாய். இதை ஒரு தாயிடம் சொல்ல முடியாமல்தான் வேலை, சம்பளம், மேல்படிப்பு என்று ஆளுக்கொரு காரணம் சொன்னாய் என்பது எனக்குப் புரிகிறது. என் மனம் புண்படும் என்று பயந்தாய். புண்படவில்லை, கண்ணு. ஹாஸ்டலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஒரு பிள்ளை வளர்ந்து, அந்த நிலை இன்னொரு பிள்ளைக்கு வராமல் பார்த்துக்கொள்கிறாள் என்றால், அந்தப் பிள்ளையைப் பெற்றவளுக்கு அதில் பெருமைதான் வரும்.

ஒரே ஒரு புத்தி சொல்லிக்கொள்கிறேன், கேட்டால் கேள். ‘உனக்காகத்தான் இந்த ஊருக்கு வந்தோம்’ என்று உன் குழந்தையிடம் ஒருநாளும் சொல்லாதே. சொன்னால் அது அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டே வளரும். மதிப்பெண் குறைந்தால் குற்றவாளியாக நிற்கும். பெரியவளாகி வேறு ஊருக்குப் போக நினைத்தால் திருடியைப் போல மறைத்து விசா வாங்கும். நாங்கள் உன் படிப்புக்காக மட்டும் குவைத்துக்கு வரவில்லை. அப்பாவுக்கு ஜெனரேட்டர் வேண்டியிருந்தது, எனக்கு ஒரு கதவு வேண்டியிருந்தது. நீயும் உனக்காகப் போனதாகவே வைத்துக்கொள். அங்கே உனக்கென்று ஏதாவது பிடிக்க வேண்டும். பனி பிடிக்கிறதா பார், மக்காச்சோளம் பிடிக்கிறதா பார். மாப்பிள்ளைக்குக் கார் ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, நீயும் கற்றுக்கொள். நான் இத்தனை வருஷம் யாராவது காரில் கூட்டிப்போனால்தான் பஜாரைத் தாண்டிப் போகிறேன். அந்தக் கதை உனக்கு வேண்டாம்.

அப்பா லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். விசா கிடைத்தால் ஜனவரியில் நான் அங்கே இருப்பேன். கிடைக்காவிட்டால் கமலம் உன்னைப் பார்த்துக்கொள்வதாக எழுதியிருக்கிறாள். பிள்ளை பெற்றவள் சாப்பிடுகிற காய மருந்துக்குத் தேவையான சாமானெல்லாம் தனிப் பொட்டலமாகக் கட்டி வைத்திருக்கிறேன், ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அது வந்து சேரும்.

இன்னொரு சேதி. நீங்கள் இருந்த வீட்டுக்குச் சேலத்திலிருந்து புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது. அந்தப் பக்கம் போனால் மனசு என்னவோ போலாகிறது என்று நான் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். போன வாரம் கதவைத் தட்டுகிற சத்தம். இடுப்பில் குழந்தையும் கையில் தம்ளருமாக ஒரு சின்னப்பெண் நின்றாள். பெயர் ஜோதி. உறை மோர் கேட்டு வந்திருந்தாள். ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றாள்.

“ஏனுங்க்கா, வந்த நாள்ல இருந்து எல்லாரும் ஒஹாயோ போறதப் பத்தியே பேசறாங்க. இங்க எட்டாவதுக்கு மேல ஸ்கூல் இல்லைங்கறாங்க, எப்ப வேணும்னாலும் அனுப்பிருவாங்கங்கறாங்க. நாங்க தெரியாம வந்து மாட்டிக்கிட்டமுங்களா?”

முகம் சுண்டிப் போயிருந்தது. எல்லாவற்றையும் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். குழந்தை கதவுத் திரையை எட்டிப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

“கொழந்தைக்கு என்ன வயசு?” என்றேன்.

“ஏழு மாசமுங்க.”

“அப்ப யோசிக்கறதுக்கு நெறைய நாள் கெடக்குது. எட்டாவது வரைக்குந்தான் இங்க. நான் ஒண்ணும் மறைக்க மாட்டேன், எல்லாம் சொல்றேன். அதுக்கு முன்னால உள்ள வா, வெயில் அடிக்குது.”

அன்றிலிருந்து தினமும் வருகிறாள். இப்போதும் நம் சமையலறையில் எனக்குக் காபி போட்டுக்கொண்டிருக்கிறாள். அந்தக் குட்டி என் மடியில் உட்கார்ந்துகொண்டு இந்தக் காகிதத்தையே பிடித்து இழுக்கிறது. பல் முளைக்கிற நேரம், எதைக் கண்டாலும் கடிக்க வேண்டும். மூலையை ஏற்கனவே கடித்தாகிவிட்டது. ஈரமாக இருந்தால் அது கண்ணீர் என்று நினைத்துவிடாதே, எச்சில்தான். நிஜமாகவே எச்சில்தான்.

அன்புடன்,
அம்மா